இடது கையும் சேலம் ரோடும்

எனக்கு இடது கை சின்னது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் காலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது. தோளிலிருந்து முழங்கை வரை சதை வைக்கவில்லை. மார்புக்கு மேல் தூக்க முடியாது. ஆனால் பிடி மட்டும் உடும்புப் பிடி. ரெக்சினை அந்தக் கையால் இழுத்துப் பிடித்தேன் என்றால் முறைத்துக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் சீட்டு கூட வழிக்கு வந்துவிடும். தருமபுரியில் எங்கள் குஷன் கடையில் பதினைந்து வருடம் அந்தக் கையை வைத்துத்தான் சீட்டு கட்டினேன்.

கடை அண்ணனுடையது. பஸ், லாரி, டாக்ஸி, டிராக்டர் எது சீட்டு கிழிந்தாலும் எங்களிடம்தான் வரும். வராதவையும் நிறைய இருந்தன. ஏரியூர் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர் ஒரு சீட்டுக்காக உழவை விட்டுவிட்டு தருமபுரி வரை வருவாரா? கிழிந்த சீட்டின் மேல் கோணியை மடித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து அடுத்த வருடத்தையும் ஓட்டிவிடுவார். தையல் மெஷினை ஒரு காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து அண்ணனை அரித்து எடுத்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அவர் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிக் கடை வாசலில் நிறுத்தினார்.

"ஓட்டறது நீதான். டிரைவர் வச்சா கட்டாது. ரம்ஜானுக்குள்ள லைசென்ஸ் எடு, வண்டி உன்னுது. இல்லன்னா வித்துட்டு, பேசாம கடையிலயே உக்காந்து தை" என்றார்.

ரம்ஜானுக்கு மூன்று மாதம் இருந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் என்னைக் குடம் தூக்க விடமாட்டார், மரம் ஏற விடமாட்டார், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அவரே மிதிப்பார். அந்தப் பாசத்தில் எனக்கு மூச்சு முட்டியது. முப்பத்திரண்டு வயதிலும் நான் அவர் கடையின் மூலையில் அவர் சொல்லும் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார் போய்விட்டால் அந்த மூலையிலேயே கிழவனாகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு சர்டிபிகேட் கொடுத்தார். "ஸ்டியரிங்கை யாரும் தலைக்கு மேல வச்சு ஓட்டறதில்லையே" என்றார். கியரும் ஸ்டியரிங்குக்குக் கீழே இடது பக்கத்தில்தான் இருந்தது. என் கைக்கு அது எட்டும் தூரம்.

ஓட்டக் கற்றுக்கொடுக்க எதிரே இருந்த டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். நல்லம்பள்ளிக்காரர், விவசாயக் குடும்பம், என் வயதுதான். மனுஷன் தங்கம். சாயங்காலம் சவாரி இல்லாத நேரத்தில் எல் போர்டைக் கட்டிக்கொண்டு என்னைப் பென்னாகரம் ரோட்டுக்குக் கூட்டிப்போவார். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கார் இடது பக்கமே போனது.

நேராகத்தான் பிடித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக மூக்கு இடது பக்கம் சாயும். கவனிப்பதற்குள் இடது சக்கரங்கள் தாரை விட்டு இறங்கி ஜல்லியில் கரகரவென்று ஓடும். மேலே ஏற்றினால் அரை பர்லாங்கில் மறுபடியும் இறங்கும்.

"பாய், கை எறங்குதுங்க" என்றார் நல்லம்பள்ளிக்காரர்.

"நான் நேராத்தாங்க புடிச்சிருக்கேன். வண்டிதான் இழுக்குது."

"வண்டியா? எறங்குங்க, நான் ஓட்டிக் காட்டறேன்."

இடம் மாறினோம். அவர் ஓட்டினார். கார் நூல் பிடித்த மாதிரி நடு ரோட்டில் போயிற்று. ஒரு கட்டத்தில் இரண்டு கையையும் எடுத்து, காதில் செருகியிருந்த பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். கார் அசையவில்லை.

"பாத்தீங்களா? வண்டி சுத்தமா இருக்குதுங்க. உங்க எடது கை தொங்குது, அதோட வண்டியும் தொங்குது."

கண்ணால் பார்த்தாயிற்று. நானும் நம்பினேன். அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து இடது கையால் வாளியில் தண்ணீர் தூக்கினேன். முதலில் கால் வாளி, பிறகு அரை வாளி. தோள் வீங்கிற்று. நல்லெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் தூக்கினேன். சாயங்காலம் ரோட்டுக்குப் போனால் கார் பழையபடி இடது பக்கம்தான்.

முதல் டெஸ்டுக்குப் போனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று ஆபீஸ் போர்டில் எழுதியிருக்கும். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். அவர் காரில் ஏறுவதற்கு முன்பே என் கையைப் பார்த்துவிட்டார். சேலம் ரோட்டில் ஓட்டச் சொன்னார். ஒரு மைல் போவதற்குள் இடது சக்கரம் இரண்டு தடவை ஜல்லியில் இறங்கியது. இரண்டாவது தடவை ஒரு மைல்கல்லைத் தொட இருந்தேன்.

"போதும், நிறுத்து. கை நிக்கல உனக்கு. எதுக்கு இந்த ஆசை? ஒரு மாசம் கழிச்சு வேணா வந்து பாரு. ஆனா அதுக்குள்ள கை வளந்துடாது" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லோரும் நல்ல எண்ணத்திலேயே என்னை உட்காரவைத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அன்று சோறு சாப்பிடவில்லை. அண்ணன் அதற்குள் கடையில் என் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார். எனக்கு அந்த எண்ணெய்க் குப்பியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

மறுவாரம் நல்லம்பள்ளிக்காரர் என்னை அலைன்மெண்ட் பார்க்கிறவரிடம் கூட்டிப்போனார். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை. இன்றைக்கு மாதிரி கம்ப்யூட்டரும் கண்ணாடியும் கிடையாது. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூலை இழுத்துக் கட்டினார். நூலுக்கும் டயருக்கும் நடுவில் எத்தனை இடைவெளி என்று குச்சியில் கோடு போட்டுக்கொண்டார். அடுத்த பக்கமும் அதே மாதிரி. கீழே படுத்துக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வீல் சரியா இருக்குது. இதுல நான் பண்ண ஒண்ணுமில்லீங்க" என்றார்.

"பாய்க்குக் கை கொஞ்சம் அப்புடி. அவருக்குத் தோதா ஏதாச்சும் பண்ணி விடுங்களேன்" என்றார் நல்லம்பள்ளிக்காரர்.

அலைன்மெண்ட்காரர் என் கையைப் பார்த்தார். பிறகு முன் பக்கம் வலது டயரில் மூடியைக் கழற்றி ஆணியை வைத்து அழுத்தினார். காற்று புஸ் என்று போயிற்று. "வலது பக்கம் காத்து கொறஞ்சா வண்டி வலது பக்கம் சாயும். எடது கை எறங்கறதுக்கு அது ஈடு" என்றார்.

நாடி பார்த்து மருந்து கொடுத்த மாதிரி வேலை செய்தது. ஒரு வாரம் கார் ரோட்டில் நேராகப் போனது. நான் கையில் வாளி தூக்குவதை நிறுத்திவிட்டேன். பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன் என்றால் நம்ப வேண்டும். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொப்பூர் கணவாய் இறங்கினோம். முன்னால் ஒரு லாரி முக்கி முனகி இறங்கிக்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். கார் நிற்கும்போதே மூக்கை வலது பக்கம் திருப்பியது. எதிரே சேலம் பக்கமிருந்து இன்னொரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் அடித்த ஹாரன் எத்தனையோ வருடம் என் காதில் இருந்தது. அவர் ஒதுங்கியதால் பிழைத்தோம். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்தோம். நல்லம்பள்ளிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பிரேக் அடிக்கறப்ப கை ஆடிருச்சுங்க பாய்."

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் வரை இந்தக் கை இடது பக்கம் இழுத்தது. இப்போது வலது பக்கம் இழுக்கிறது. ஒரு கை எத்தனை திசையில்தான் இழுக்கும்?

"ரோட்டுலயே ஏதோ இருக்குதுங்க" என்றேன், வாய்க்கு வந்தபடி.

அவர் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

திரும்பி வரும்போது அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நான்கு நாள் காரைத் தொடவில்லை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடுகிற பஸ் ஒன்று சீட்டுகளை முழுசாக மாற்ற எங்களிடம் வந்திருந்தது. டிரைவர் சீட்டைப் பிரித்தேன். ரெக்சினைக் கிழித்து, கோணியை எடுத்து, உள்ளே இருந்த தேங்காய் நாரை வெளியே போட்டேன். வலது பாதியில் நார் இன்னும் பொசுபொசுவென்று இருந்தது. இடது பாதியில் அப்பளமாக ஒட்டிக் கிடந்தது. இது எனக்குப் புதிது இல்லை. டிரைவர் சீட்டு எல்லாமே அப்படித்தான் வரும். "இடது பக்கம் ஒரு பிடி சேத்து வை" என்பது எங்கள் கடை வழக்கம். நானே நூற்றுக்கணக்கான சீட்டுகளில் அந்த ஒரு பிடி நாரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். "ஏண்ணா எப்பவும் இடது பக்கமே அமுங்குது?"

"கிளட்ச் மிதிக்கிற காலு அந்தப் பக்கம்தானே. அதான்" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

சரியான பதில்தான். திருப்தியாகி நாரை உதறிக்கொண்டிருந்தவன், என்னவோ நினைத்து எழுந்து போனேன். அந்த பஸ்ஸில் முன் வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் உட்காருகிற ஒற்றைச் சீட்டு ஒன்று இருந்தது. அதையும் கழற்றி வந்து பிரித்தேன். இடது பாதி அப்பளம். வலது பாதி பொசுபொசு.

அந்தச் சீட்டில் உட்காருகிறவன் எந்தக் கிளட்சை மிதிக்கிறான்?

இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெங்களூர் ரோட்டில் எதிரெதிரே லாரிகள் வந்துகொண்டே இருக்கும். பஸ் போகும்போதும் இடது பக்கம், வரும்போதும் இடது பக்கம். அதில் உட்காருகிறவன் யாராக இருந்தாலும், இரண்டு கையும் மாடு மாதிரி இருந்தாலும், இடது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கே தெரியாது. நாருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் பின்னால் கூப்பிட்டது கேட்டது. சேலம் ரோட்டில் வண்டி வராத சமயம் பார்த்து நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் தண்ணீரை ஊற்றினேன். அது தயங்காமல் ஓரத்துக்கு ஓடியது. எதிர்ப்பக்கம் போய் மிச்சத்தை ஊற்றினேன். அங்கே அந்த ஓரத்துக்கு ஓடியது. மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்துப் போட்டிருக்கிறார்கள். இது தெரியாத மனிதன் உண்டா? எனக்கும் தெரியும். மழையில் தினமும் பார்த்ததுதான். தண்ணீரை இழுக்கிற ரோடு காரையும் இழுக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

நல்லம்பள்ளிக்காரர் ஓட்டினால் ஏன் இழுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர் நடு ரோட்டில் ஓட்டினார். உச்சியில் போகிற வண்டி எந்தப் பக்கம் சரியும்? எதிரே யாராவது வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் ஒதுங்கிவிட்டு மறுபடி உச்சிக்குப் போய்விடுவார். இடது பக்கமாகப் போ என்று விதிப் புத்தகத்தில் இருந்ததை நம்பி சரிவிலேயே ஓட்டியவன் நான் ஒருவன்தான். விதியை மதித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு, கை நொண்டி என்ற பட்டம்.

சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம். வாளி தூக்கிய விடியற்காலைகள் ஞாபகம் வந்தன. அந்தக் கையை நானே எத்தனை திட்டியிருக்கிறேன்!

கோபம் தணிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். எனக்குத் தோன்றியதை நானே நம்ப வேண்டுமே. ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிக் காரின் நடுக் கண்ணாடியிலிருந்து தொங்கவிட்டேன். தொப்பூரில் மூக்கைத் திருப்பியது காற்று குறைந்த அந்த வலது டயர்தான் என்று பட்டது, குறைத்த காற்றைத் திரும்ப ஏற்றினேன். நல்லம்பள்ளிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் முனகிக்கொண்டே ஏறினார். சந்தை கூடாத நாளில் சந்தை மைதானம் காலியாகக் கிடக்கும். கெட்டிப்பட்ட மண். அங்கேயும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய இடத்திலேயே நின்று ஊறியது. காரை மெதுவாக ஓட்டி இரண்டு கையையும் எடுத்தேன். நட்டு நடுவில் தொங்கியது. கார் நேராகப் போனது. திருப்பி எதிர்த்திசையில் விட்டேன். நேராகப் போனது.

பிறகு பென்னாகரம் ரோடு. இடது பக்கம் போனால் நட்டு இடது பக்கம் சாய்ந்தது, காரும் சாய்ந்தது. ஆள் இல்லாத நேரத்தில் வலது பக்கம் ஏறினேன். நட்டும் காரும் வலது பக்கம். நடுவில் போனேன். இரண்டும் நேர்.

நல்லம்பள்ளிக்காரர் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "பன்னண்டு வருசமா ஓட்டறேன் பாய்" என்றார் கடைசியில்.

காரணம் தெரிந்துவிட்டால் வழி சுலபம். ரோடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம்தான், ஒரு விரல் அகலம். அதுவரை நேராகப் பிடித்தால் நேராகப் போகும் என்று நம்பிக்கொண்டு பிடித்தேன், அதனால்தான் இறங்கினேன். மூன்று வாரம் தினமும் இடது ஓரத்திலேயே ஓட்டினேன். நடு ரோட்டுக்குப் போவதில்லை என்று வைராக்கியம். டாக்ஸி ஸ்டாண்டில் என்னை மாட்டு வண்டி என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

இரண்டாவது டெஸ்ட் நாள் வந்தது. ரம்ஜானுக்குப் பதினோரு நாள் இருந்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. நோன்பு வைத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது ஸ்டியரிங் கனத்தது. இறங்கி வலது டயரை உதைத்துப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது.

நல்லம்பள்ளிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். "காலைல நான்தான் கொஞ்சம் எறக்குனேங்க. இன்னிக்கு ஒரு நாளைக்குங்க பாய். அவரு உங்க கையத்தான் பாப்பாரு. வண்டி தானா நேரா போச்சுன்னா வம்பு இல்ல. அப்புடியே போங்க."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அப்படியே போயிருந்தால் பாஸாகியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தொப்பூரில் அந்த லாரிக்காரர் அடித்த ஹாரனும் உண்மை.

"லைசென்ஸ் எனக்குங்க, டயருக்கு இல்ல" என்றேன். டிக்கியிலிருந்து கால் பம்பை எடுத்து வைத்து மிதிக்க ஆரம்பித்தேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "என்னய்யா, டெஸ்டுக்கு வந்தியா, பஞ்சர் ஒட்ட வந்தியா?"

"ரெண்டு நிமிஷங்க சார். ரெண்டு பக்கமும் காத்து ஒண்ணா இருக்கணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மிதித்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. தொண்டை வறண்டது. அளவு பார்த்து மூடியைத் திருகிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

மறுபடி அதே சேலம் ரோடு. அவர் இடது பக்கம் உட்கார்ந்து என் கையையே பார்த்தார். கார் இடது ஓரத்தில் நேராகப் போனது. ஒரு மைல் போனதும் சொன்னார்: "ஏன் ஸ்டியரிங்கைக் கோணலா புடிச்சிருக்கே? நேரா புடி."

"நேரா புடிச்சா எறங்கிடுங்க சார்."

"அதான்யா நான் சொல்றது. உன் கை..."

"ஒரு நிமிஷங்க சார்" என்று இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டெஸ்டில் யாரும் செய்யாத காரியம். அவர் முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். கார் மெதுவாக இடது பக்கம் போய் ஜல்லியை நெருங்கியது. பிடித்து மேலே ஏற்றினேன்.

"பாத்தியா, எறங்குது!" என்றார்.

"என் கை ஸ்டியரிங்லயே இல்லீங்களே சார்."

முன்னும் பின்னும் ரோடு காலியாக இருந்தது. "அந்தப் பக்கம் போறேங்க சார், அரை நிமிஷம்" என்று வலது பக்கம் ஏறிக் கையை விட்டேன். கார் வலது ஓரத்தை நோக்கிப் போனது. உடனே பிடித்து இடது பக்கத்துக்குத் திரும்பினேன்.

"நிறுத்து" என்றார். நிறுத்தினேன். முடிந்தது என்று நினைத்தேன். அவர் இறங்கிச் சுற்றிவந்து என் கதவைத் திறந்தார். "நகரு."

அவர் ஓட்டினார். இடது பக்கம் போய்க் கையை விட்டார். சக்கரம் ஜல்லியில் இறங்கியது. ஏற்றி மறுபடி விட்டார். மறுபடி இறங்கியது. எத்தனை வருடம் அந்த ரோட்டில் எத்தனை பேரைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பாரோ, அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. மீண்டும் இடம் மாறிக்கொண்டோம். நாற்பதில் போகச் சொன்னார். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அது நெருங்கும்போது சட்டென்று, "பிரேக் அடி!" என்றார்.

அடித்தேன். கார் மூக்கைத் திருப்பாமல் நின்ற இடத்தில் நேராக நின்றது. பஸ் பக்கத்தில் கடந்து போயிற்று. காற்று ஏற்றாமல் வந்திருந்தால் அந்த பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றிருப்போம். அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்ததால் கொஞ்ச நேரம் கால் பிரேக்கிலேயே இருந்தது.

ஆபீஸுக்கு வந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் வணக்கம் சொல்லிவிட்டுப் படி இறங்கும்போது, "ஏய்யா" என்று கூப்பிட்டார். "போன தடவை நான் சொன்னேனே, கை வளராதுன்னு. அத மனசுல வச்சுக்காத."

வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "சரிங்க சார்" என்றேன்.

லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்த மறுவாரம், பெருநாள் கழிந்ததும் மெஷினை டிக்கியில் ஏற்றினேன். ஏரியூரில் இரண்டு டிராக்டர் காத்திருந்தன. கிளம்பும்போது அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து முன் சீட்டில் ஏறினார். துணைக்கு வருவதாகச் சொன்னார். துணைக்கு இல்லை, பயத்தில்தான் வருகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மெஷின் வைத்ததில் சத்தம் வருகிறதா பார்க்கிறேன் என்று ஒரு தடவை திரும்பினார். கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார்.

ஊர் தாண்டியதும் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வழிவிட இன்னும் ஓரமாக ஒதுங்கினேன். அங்கே சரிவு அதிகம். கார் சட்டென்று இடது பக்கம் சாய்ந்தது. பிடித்துக்கொண்டேன். அதற்குள் அண்ணனின் கண் பதறிப்போய் என் இடது கைக்கு வந்துவிட்டது. முப்பது வருடமாக எது தவறினாலும் அவர் கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். அவருடைய வலது கையும் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாதி தூரம் வந்திருந்தது.

"கையப் பாக்காதண்ணா. ரோட்டப் பாரு" என்றேன்.

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பென்னாகரம் வரும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.